பச்சைத் துணி போட்ட பெட்டி

ஆம்புரோஸின் வலது தோள்பட்டை முதல் மாடியில் முனகியது, இரண்டாவதில் கெஞ்சியது, மூன்றாவதில் பேச்சையே நிறுத்திக்கொண்டது. பகலெல்லாம் ஜெலாப்பாங் கிடங்கில் உர மூட்டை ஏற்றி இறக்கிய தோள். மூட்டையாவது பரவாயில்லை, வளைந்து கொடுக்கும், உடம்போடு ஒட்டிக்கொள்ளும். இந்தப் பெட்டிக்கு எட்டு மூலை. எட்டும் எலும்பு எங்கே என்று தேடித் தேடிக் குத்தின. அடுக்குமாடியின் லிஃப்ட் தீபாவளிக்கு முன்பே படுத்துவிட்டது. எந்தத் தீபாவளி என்பதுதான் யாருக்கும் நினைவில்லை.

நாலாம் மாடியில் கதவைத் திறந்த எல்ஸி புருஷனைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தாள்.

“என்னா இது? யாரு செத்தா?”

“அம்ப்ளிஃபயர், எல்ஸி. வால்வு வச்சது. ஜெயபாலன் கடையில இருந்து ஒரு வாரத்துக்கு எடுத்துட்டு வந்தேன்.”

“கோயில்ல வாசிக்க ஒன்னு வச்சிருக்கீங்களே, சின்னதா.”

“அதுல வாரது வெறும் சத்தம் லா. இதுலதான் டோன் வரும்.”

“டோன் வந்து?”

“டோன் வந்தா நான் மூட்டை தூக்க வேணாம்.”

எல்ஸி அவன் தோளைப் பார்த்தாள். சட்டைக்கு மேலேயே வீக்கம் தெரிந்தது. “இதத் தூக்கிட்டு வந்ததும் அதே தோள்தானே,” என்று சொல்லிவிட்டு, ஃபிரீசருக்குள் ஆட்டிறைச்சியை அடுக்கப் போய்விட்டாள். சனிக்கிழமை அவர்களோடு தங்கியிருக்கும் அவள் தங்கை வலேரிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு தெலுக் இந்தான். கீழ்மாடி மண்டபத்தில் சாப்பாடு.

ஆம்புரோஸுக்குச் சனிக்கிழமையைப் பற்றிக் கவலை இல்லை. அவன் கவலை வெள்ளிக்கிழமை.

ஈப்போவில் ‘ஈயக்குட்டை’ என்று ஒரு இசைக்குழு இருக்கிறது. அவர்கள் வாசிப்பது புரோகிரசிவ் மெட்டல். அதாவது, ஒரு பாட்டு பன்னிரண்டு நிமிடம் ஓடும். தாளம் எங்கே விழும் என்று வாசிப்பவனுக்கு மட்டும் தெரியும். கை தட்ட ஆசைப்பட்டவன் பாதியில் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக நிற்பான். உள்ளூரில் ஒரு கல்யாணத்துக்குக்கூட அவர்களை யாரும் கூப்பிட்டதில்லை. ஜப்பானில் கூப்பிடுகிறார்கள், போலந்தில் கூப்பிடுகிறார்கள். காரணம் கித்தார்காரன் கோலின். இன்னும் சரியாகச் சொன்னால், கோலினின் டோன்.

‘பேராக் கித்தார் கூட்டாளிகள்’ என்ற வாட்ஸ்அப் குழுவில் அதைச் சத்தம் என்று எழுதினால் சிரிப்பார்கள். டோன் என்றுதான் எழுத வேண்டும். குழுவில் முக்கால்வாசிப் பேர் எந்தப் பாட்டையும் கடைசி வரை வாசித்தவர்கள் இல்லை. ஆனால் டோனைப் பற்றி ஓயாமல் எழுதுவார்கள். ஒருவனுக்கு அதில் தேக்கு வாசம் அடித்தது. இன்னொருவனுக்கு நீல நிறம் தெரிந்தது. எல்லாம் விரலில்தான் இருக்கிறது, பொருளில் ஒன்றுமில்லை என்று தத்துவம் சொன்னவன், மறுநாளே தன் பழைய கித்தார் பெடலைக் குழுவில் விற்பனைக்குப் போட்டான்.

ஆம்புரோஸ் அப்படியெல்லாம் எழுத மாட்டான். ஆனால் அவனுக்குக் காது இருந்தது. மற்ற மெட்டல்காரர்கள் சத்தத்தைக் கூட்டக் கூட்ட எல்லாம் களியாகிவிடும். கோலின் தடித்த கம்பியைத் தளர்த்தி, பாதாளத்தில் இறக்கி அடிப்பான். அப்போதும் ஒரே அடியில் விழுகிற ஆறு சுரமும் தனித்தனியாக வந்து பேர் சொல்லிவிட்டுப் போகும். உள்ளங்கையால் கம்பியை அமுக்கினால் கதவைச் சாத்தினது மாதிரி அங்கேயே நிற்கும், வால் நீளாது. அந்த டோனில் அழுக்கு உண்டு, சேறு கிடையாது. அவ்வளவு அடிக்குப் பிறகும் ஒரு கம்பியை மெல்லத் தொட்டால், அதே டோன் மூக்கடைத்த குரலில் கெஞ்சும். அதைக் கேட்கும்போதெல்லாம் ஆம்புரோஸுக்குச் சின்ன வயதில் யாரோ தன்னைத் திட்டிய ஞாபகம் வரும். யார் என்று மட்டும் பிடிபடாது.

இப்போது ஈயக்குட்டையின் இரண்டாவது கித்தார்காரன் திராட்சை பறிக்க ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டான். சம்பளம் அதில்தான் ஒழுங்காக வருகிறதாம். அந்த இடத்துக்கு ஆள் வேண்டும் என்று, அவர்களோடு பேஸ் கித்தார் வாசிக்கும் ஷர்வின் வாட்ஸ்அப்பில் போட்டிருந்தான். வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஒரு பாட்டை வாசித்து அனுப்ப வேண்டும். ‘கோலின் அண்ணன் டோனோடு ஒத்துப் போகணும்’ என்பது ஒரே நிபந்தனை. தேறினால் மூன்று மாதம் வெளிநாடு, அதற்கப்புறம் நிரந்தர இடம். ஆம்புரோஸின் விரலுக்குப் பன்னிரண்டு நிமிடமும் மனப்பாடம். டோன்தான் இல்லை.

“கோலின் ஒங்க கூட்டாளிதானே?” என்று எல்ஸி அடுப்படியிலிருந்து கேட்டாள். “ஒரே எஸ்டேட்டு, ஒரே கோயில், ஒரே பெஞ்சி. நேராப் போயி, டேய், எப்படிடா இந்தச் சத்தம் வருதுன்னு கேட்டா வாயில இருந்து முத்தா கொட்டிரும்?”

ஆம்புரோஸின் கண் தானாக அலமாரியின் உச்சிக்குப் போனது. அங்கே, கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களைச் சுமந்துகொண்டு, ஒரு பெரிய அலுமினிய அண்டா உட்கார்ந்திருந்தது.

அந்த அண்டா கோலினின் அம்மா ஏஞ்சலாவுடையது. ஆம்புரோஸின் கல்யாணத்துக்கு இரவல் வந்தது. பிரியாணி அடிபிடித்து, சித்தப்பா ஒருவர் மண்வெட்டியால் சுரண்டியதில் அடியில் ஒரு ஒடுக்கு விழுந்துவிட்டது. ஒடுக்கெடுத்துக் கொடுக்கலாம் என்று வைத்தான். ஒடுக்கெடுக்கிறவன் கடையை மூடிவிட்டான். அடுத்த மாதம் போகலாம் என்று இருந்தான். அடுத்த மாதம், இவ்வளவு நாள் கழித்துப் போனால் என்ன நினைப்பார்கள் என்று தோன்றியது. அடுத்த வருஷம் அந்த எண்ணத்துக்கும் ஒரு வயது கூடியது. எல்ஸியிடம் அது தன் வீட்டு அண்டா என்று சொல்லி, விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டிய பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தான். கோலினை எதிரில் கண்டால் சாலையைக் கடந்தான். வேடிக்கை என்னவென்றால், சில நாள் அவன் கடக்கும் முன்பே கோலின் கடந்துவிடுவான். பேர் வந்துவிட்டது, தலைக்கனம் என்று ஆம்புரோஸ் நினைத்துக்கொண்டான்.

கோலினின் அப்பா செத்தபோதுகூட அவன் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி, மலர்வளையம் ஒன்றையும், செபத்துக்கு மைக் வேண்டும் என்றார்களே என்று எஸ்டேட் கோயிலை இடித்தபோது அவன் எடுத்து வைத்திருந்த கரகர மைக் செட்டையும் மச்சான் லாரியில் அனுப்பிவிட்டான். மைக் செட் திரும்பி வரவில்லை. அவனும் கேட்கவில்லை. மைக்கைக் கேட்டால் அவர்கள் அண்டாவைக் கேட்பார்கள்.

வாட்ஸ்அப் குழுவில்கூட அவன் சொந்தப் பேரில் இல்லை. ‘ஜெலாப்பாங் புயல்’ என்று இருந்தான்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்து, வால்வு அம்ப்ளிஃபயரைத் திருகிப் புயல் ஒரே ஒரு அடி அடித்தது. சன்னல் கண்ணாடி பல்லைக் கடித்தது. இரண்டாவது அடிக்குக் கதவு தட்டப்பட்டது. மூன்றாம் மாடி மங்களம் அக்கா, கையில் உடைந்த சட்டத்தோடு நின்றார்.

“தம்பி, ஒங்க வீட்டுல கிரைண்டர் கெட்டுப் போச்சா?”

“இல்லக்கா, கித்தார் வாசிக்கிறேன்.”

“கித்தாரா? கோயில்ல மாதா பாட்டுக்கு வாசிப்பியே, அந்தக் கித்தாரா?” அவர் சட்டத்தை நீட்டினார். “எங்க முருகன் செவுத்துல இருந்து குதிச்சுட்டாரு. வேல் வளைஞ்சிருச்சு பாரு.”

“மன்னிச்சுருங்கக்கா. கொறைச்சுக்கிறேன்.”

“கொறைச்சுக்க. இல்ல, நான் அடுத்த தடவ முருகன் இல்லாம வருவேன்.”

அவன் ஜெயபாலனைக் கூப்பிட்டான். ஜெயபாலன் ஈப்போவில் இசைக்கருவிக் கடை வைத்திருப்பவர். கித்தாரை விற்பார், வாசிக்க மாட்டார். அதனாலேயே அவரிடம் சந்தேகம் கேட்க எல்லாரும் வருவார்கள்.

“சத்தத்தக் கொறைச்சா டோன் செத்துரும் தம்பி,” என்றார் ஜெயபாலன். “வால்வு சூடாவணும். சுத்தி மெத்தையக் கட்டு. சத்தம் உள்ளயே நிக்கும்.”

வீட்டில் பெரிய மெத்தை ஒன்றுதான் இருந்தது. புருஷன் பெண்டாட்டி படுக்கிறது. ஆம்புரோஸ் அதை அம்ப்ளிஃபயரைச் சுற்றி நிமிர்த்திக் கயிற்றால் கட்டினான். பார்ப்பதற்குப் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி இருந்தது. எல்ஸி தலையணையை எடுத்துக்கொண்டு தங்கையின் அறைக்குப் போனாள். ஆம்புரோஸ் சிமெண்டுத் தரையில் படுத்தான். விடிந்தபோது தோளோடு இடுப்பும் சேர்ந்துகொண்டது.

மெத்தை சத்தத்தை அடக்கியது. அடக்கியதால், அதுவரை கேட்காத ஒன்று கேட்டது. ‘ங்ங்ங்’ என்று ஒரு ரீங்காரம்.

“கரண்டு அழுக்கு,” என்றார் ஜெயபாலன் போனில், பார்க்காமலே. “ஒங்க வீட்டுல என்னா ஓடுது?”

“ஃபிரீசர் ஓடுது.”

“ஃபிரீசரா! ஃபிரீசர் ஓடுற லைன்ல டோனா? கோலின் வாசிக்கிறப்ப அவங்க வீட்டுல காத்தாடிகூட சுத்தாதாம்.”

“யாரு சொன்னா?”

“எல்லாரும் சொல்றாங்க லா.”

ஆம்புரோஸ் ஃபிரீசரின் வயரைப் பிடுங்கினான். ரீங்காரம் நின்றது. அந்த சந்தோஷத்தில் வாசித்தான், வாசித்துக்கொண்டே இருந்தான், பிறகு சிமெண்டுத் தரையில் விழுந்து தூங்கினான். வயர் பிடுங்கினபடியே கிடந்தது. மறுநாளும் கிடந்தது.

வியாழக்கிழமை வேலை விட்டு வந்தபோது வாடை இரண்டாம் மாடியிலேயே அவனை வரவேற்றது. எல்ஸி அடுப்படியில் சிவந்த தண்ணீருக்கு நடுவே நின்றாள். வயரை இரண்டு விரலால் செத்த எலியைத் தூக்குவதுபோலத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

“இது என்னா?”

“எல்ஸி, கரண்டு அழுக்கா இருந்துச்சு…”

“கரண்டு அழுக்கு. இறைச்சி இப்ப என்னா, சுத்தமா?” அவள் குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “சமைக்க வாரவன்கிட்ட போன் பண்ணிட்டேன். ஆடு இல்ல, கோழின்னா அவனால முடியாதாம். வேற ஆர்டர் எடுத்துட்டானாம். நாளான்னைக்கு மாப்ள வீட்டுக்காரங்க வாராங்க. மாப்ளையோட ஞானத்தாய் தெலுக் இந்தான்ல இருந்து அவங்க வேன்லயே ஏறி வாராங்களாம். அவங்களுக்கு என்னா வைக்கட்டும்? டோனு ரெண்டு கரண்டி வைக்கவா?”

“நான் பாசார் போயிக் கோழி வாங்கிட்டு வாரேன்.”

“போங்க. அப்படியே ஒரு புருஷன் கெடைச்சாலும் வாங்கிட்டு வாங்க.”

அவன் பாசாருக்குப் போனான். கோழிக்குச் சொல்லிவிட்டுத் திரும்பும்போது துணிக்கடையில் பச்சை பாத்தேக் கைலி ஒன்று தொங்கியது. பச்சையில் மஞ்சள் பூ. ஆம்புரோஸின் கால் நின்றுவிட்டது.

அந்தத் துணியை அவனுக்குத் தெரியும். கித்தார் உலகத்துக்கே தெரியும். ஈயக்குட்டையின் எல்லாப் படத்திலும் கோலினுக்குப் பின்னால், விலை உயர்ந்த அம்ப்ளிஃபயர்களுக்கு ஓரமாக, இந்தப் பச்சைத் துணி போட்டு மூடிய பெட்டி ஒன்று இருக்கும். கோலினின் கித்தார் வயர் விலை உயர்ந்த எதற்கும் போகாது. நேராக அந்தத் துணிக்குள் போகும். உள்ளே என்ன என்று கேட்டால் கோலின் பேச்சை மாற்றுவானாம். பிரேசில்காரன் ஒருவன் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, அது ரஷ்ய ராணுவத்தின் கருவி என்று நிரூபித்திருந்தான். கம்பெனி ஒப்பந்தம், பேர் வெளியே தெரியக்கூடாது என்பது ஜெயபாலன் கட்சி. போன மாதம்தான் ஒருவன் புதிதாகக் கண்டுபிடித்தான்: ரகசியம் பெட்டியில் இல்லை, துணியில் இருக்கிறது. பருத்தித் துணி மேல் சத்தத்தை வடிகட்டுகிறது. அன்று முதல் ஈப்போ பாசாரில் பச்சைக் கைலிக்குத் தட்டுப்பாடு. கித்தார்காரர்கள் எல்லாரும் திடீரென்று ஏன் கைலி கட்ட ஆரம்பித்தார்கள் என்று துணிக்கடைக்காரிக்கு விளங்கவில்லை.

“கடேசி பீசு தம்பி,” என்றாள் அவள்.

ஆம்புரோஸ் கோழியை மறந்துவிட்டுத் துணியை வாங்கினான். பாதி வழி வந்து, திரும்பப் போய்க் கோழியை வாங்கினான்.

வீட்டில் மெத்தை, மெத்தைக்குள் அம்ப்ளிஃபயர், அதன் தலையில் பச்சைக் கைலி. அவன் அடித்தான். முதல் சில நிமிடம், சத்தியமாக, டோன் மாறியது. கொஞ்சம் வெதுவெதுப்பாக வந்தது. பிறகு இன்னும் வெதுவெதுப்பாக. பிறகு புகை வந்தது.

மங்களம் அக்கா அப்போதுதான் முருகன் இல்லாமல் படி ஏறி வந்துகொண்டிருந்தார். கதவிடுக்கில் புகையைப் பார்த்தார். கதவைத் தள்ளிக்கொண்டு குளியலறைக்குள் ஓடினார். அவர் தோட்டத்தில் நெருப்பு அணைத்து வளர்ந்தவர், யாரையும் எதையும் கேட்கவில்லை. ஒரு வாளித் தண்ணீர் அம்ப்ளிஃபயரின் உச்சியில் இறங்கியது. வால்வுகள் ஒவ்வொன்றாக, பொரி பொரிந்த மாதிரி வெடித்தன.

“நல்ல வேளை நான் சண்டைக்கு வந்தேன்,” என்றார் மங்களம் அக்கா.

ஆம்புரோஸ் ஈர மெத்தையில் உட்கார்ந்து ஜெயபாலனைக் கூப்பிட்டான்.

“அண்ணே, அம்ப்ளிஃபயர் எரிஞ்சு போச்சு.”

“எரியறதுக்கு முன்னாடி,” என்று ஜெயபாலன் மெதுவாகக் கேட்டார், “டோன் வந்துச்சா?”

வெள்ளிக்கிழமை ஆம்புரோஸ் அரை நாள் லீவு போட்டான். மிச்சமிருந்தது கோயிலில் வாசிக்கும் சின்ன அம்ப்ளிஃபயர். அதில் அடித்தால் கொசு இருமுவது போலிருக்கும். அதற்கு ஒரு உடம்பு வேண்டும், ஒரு கிணறு வேண்டும் என்று யோசித்துக்கொண்டே நிமிர்ந்தான். அலமாரியின் உச்சி அவனைப் பார்த்தது.

நட்சத்திரங்களை இறக்கிவிட்டு, தோள் கதறக் கதற அண்டாவை இறக்கினான். சின்ன அம்ப்ளிஃபயரை அதற்குள் வைத்து, வாயை ஈர மெத்தையால் அரைவாசி மூடி, போனை விளிம்பில் சாய்த்தான். ஒரு கம்பியைத் தட்டினான். அண்டா உறுமியது. ஆம்புரோஸின் கண் கலங்கிவிட்டது. எல்ஸி கடைக்குப் போயிருந்தாள், மங்களம் அக்கா சட்டம் மாட்டப் போயிருந்தார். பன்னிரண்டு நிமிடத்தையும் ஒரு பிசகில்லாமல் வாசித்து, ஷர்வினுக்கு அனுப்பினான். அனுப்பியவர்: ஜெலாப்பாங் புயல்.

பதில் வருவதற்குள் எல்ஸி வந்துவிட்டாள்.

“அட, இவ்ளோ பெரிய அண்டாவ நம்ம வீட்டுலயே வச்சுக்கிட்டு நான் யாருகிட்ட எரவல் கேக்குறதுன்னு அலையிறேன்!” அவள் அதைச் சுற்றி வந்தாள். சுவரைப் பார்த்தே வாழ்ந்த பக்கம் முதல்முறையாக அவளைப் பார்த்தது. “ஏஞ்சலா. யாருங்க ஏஞ்சலா?”

“அது… கம்பெனி பேரு.”

“அண்டா கம்பெனிக்கு ஏஞ்சலான்னா பேரு வைப்பான்?”

“பொம்பளப் பேரு வச்சாதான் லா பொம்பளைங்க வாங்குவாங்க.”

எல்ஸி அவனை ஒரு மாதிரி பார்த்தாள். அதற்குள் போன் முனகியது. ஷர்வின் குரலிலேயே அனுப்பியிருந்தான்.

“புரோ, வாசிப்பு சூப்பர். சத்தியமா. கோலின் அண்ணனே ரெண்டு தடவ கேட்டாரு. இவன் கை நம்ம ஆளு கை மாதிரி இருக்கேன்னாரு. ஆனா டோன் இல்ல புரோ. என்னமோ அண்டாக்குள்ள இருந்து வார மாதிரி இருக்கு. அண்ணன் என்னா சொல்றாருன்னா, டோனுங்கிறது ஒருத்தனோட சொந்தமா இருக்கணுமாம், எரவல் வாங்குற பொருள் இல்லையாம். சாரி புரோ.”

ஆம்புரோஸ் அதை இன்னொரு முறை போட்டுக் கேட்டான். எல்ஸிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவள் அவன் தோளில் கை வைத்தாள். வலித்த தோளில்தான் வைத்தாள், ஆனால் அவன் அசையவில்லை.

“விடுங்க,” என்றாள். “திங்கக்கெழம வழக்கம்போல கிடங்குக்குக் கெர்ஜா போங்க. இப்ப வெங்காயம் உரிங்க.”

சனிக்கிழமை மண்டபத்தில் கோழிக்குழம்பு ஊர் கூடும் அளவுக்கு மணத்தது. எல்ஸி அண்டாவை நீளமேசையின் முனையில் வைத்திருந்தாள். ‘ஏஞ்சலா’ எல்லாரையும் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. ஆம்புரோஸ் கரண்டியோடு பக்கத்தில் நின்றான். பேர் யார் கண்ணில் பட்டால் என்ன, இங்கே யாருக்குத் தெரியப் போகிறது என்று அவன் நிம்மதியாகத்தான் இருந்தான்.

மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றது. மாப்பிள்ளை இறங்கினான், அவன் அப்பா அம்மா இறங்கினார்கள். கடைசியாக, கைப்பிடித்து இறக்கிவிட, ஞானத்தாய் இறங்கினார்.

கோலினின் அம்மா. புருஷன் போன பிறகு அவர் தெலுக் இந்தானில் தங்கச்சி வீட்டோடு போய்விட்டது ஆம்புரோஸுக்கு எப்படித் தெரியும்? எதிரில் வந்தாலே சாலையைக் கடந்தவன்.

கரண்டி குழம்புக்குள் விழுந்தது. அவன் மாடிக்கு ஓடினான். நாலு மாடியும் ஏறியது காலுக்கே தெரியவில்லை. கையில் கிடைத்தது பச்சைக் கைலி, ஓரமெல்லாம் கரிந்தது. அதோடு கீழே ஓடிவந்து, மூடியோடு சேர்த்து அண்டாவைக் கழுத்து வரை போர்த்திவிட்டான்.

“ஏங்க!” எல்ஸி பல்லைக் கடித்தாள். “சாப்பாட்டு மேல ஏங்க கரிஞ்ச துணியப் போடுறீங்க?”

“ஈ, எல்ஸி. ஈ மொய்க்குது.”

“ஒரு ஈ இல்ல!”

“வரும்.”

ஏஞ்சலா ஆன்ட்டி நேராக அவனிடம்தான் வந்தார். கண் கொஞ்சம் மங்கியிருந்தது, மூக்கு மங்கவில்லை.

“யாரு, ஆம்புரோஸா? ஏண்டா, எளைச்சுப் போயிட்டே.”

“ஆன்ட்டி. வாங்க ஆன்ட்டி. ஒக்காருங்க. அந்தப் பக்கம் காத்து நல்லா வருது.”

“காத்து இருக்கட்டும். கொழம்பு மணக்குதே.” அவர் குனிந்து பார்த்தார். “என்னாடா இது, அண்டாவுக்குச் சேலை கட்டி வச்சிருக்கே?”

“ஈ மொய்க்கும்னு ஆன்ட்டி.”

அவர் துணியின் ஓரத்தைத் தூக்கினார். விரலால் விளிம்பைத் தடவினார். புள்ளிகள் ஒவ்வொன்றையும் விரல் படித்தது. ஆம்புரோஸின் உடம்பில் வலித்த இடமெல்லாம் ஒரே நேரத்தில் வலித்தது. எல்ஸி அவனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஆன்ட்டி, நான் கொண்டாந்து குடுக்கணும்னுதான்… அடியில ஒடுக்கு விழுந்துச்சு, ஆன்ட்டி, அத எடுத்துட்டு… ஒடுக்கெடுக்கிறவன் கடைய மூடிட்டான்…”

“இந்த அண்டாவுக்காகவா நீ எங்க வீட்டுக்காரரு சாவுக்குக்கூட வரல?”

அவன் தலையைக் குனிந்தான். இசைக்குழுவில் இடம் போனது இப்போது சின்ன விஷயமாகத் தெரிந்தது.

“பைத்தியக்காரா. நான் எத்தனையோ அண்டா வாங்கிட்டேன்.” ஏஞ்சலா ஆன்ட்டி துணியை உருவித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு அதையே கையில் எடுத்து, வெளிச்சத்தில் காட்டி, மஞ்சள் பூவைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் வயிறு குலுங்கத் தொடங்கியது. சிரிப்பில் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

“என்னா ஆன்ட்டி?”

“எம் பையனும் இதே துணியத்தான்டா போட்டு மூடி வச்சிருக்கான்.”

“தெரியும் ஆன்ட்டி. ஒலகத்துக்கே தெரியும். உள்ள என்னா இருக்குன்னுதான் யாருக்கும் தெரியல.”

“ஒனக்குமா தெரியல?” ஏஞ்சலா ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எங்க வீட்டுக்காரரு செத்தப்ப நீ லாரியில குடுத்துவிட்டியே, எஸ்டேட்டு கோயில் மைக்குப் பொட்டி, அதுலதான்டா அவன் கித்தார சொருகி அடிக்கிறான், நீ எங்கயாச்சும் படத்துல பாத்துட்டு வந்து கேட்டுருவியேன்னு பயந்துக்கிட்டுத்தான் பச்சத் துணியப் போட்டு மூடி வச்சிருக்கான், அந்தப் பொட்டிய நாங்க இன்னும் ஒனக்குத் திருப்பித் தரணும்.”